மூன்று புள்ளி ஒன்று

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உயிரும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது, இரண்டுக்கும்தான் ஒத்துப்போகவில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். "நானும் ரெண்டு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்கிறாள். இது நாலு பேர் காதில் விழுகிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் உன் துறைமுக ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒண்ணுக்குப் போவதே பெரிய உத்தியோகமாகிவிட்டது. போய் நின்றால் வராது; வந்தால் நிற்காது. போன வாரம் ஒருவர் பேன்ட் தைக்க வந்தார். இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே முட்டிவிட்டது. டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஓடினேன். திரும்பி வந்து பார்க்கிறேன், மனுஷன் தூக்கின கையை இறக்காமல் அப்படியே நிற்கிறார். "வேற யாருக்காவது அளவெடுக்கப் போயிட்டீங்களா மாஸ்டர்?" என்கிறார். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

டாக்டரிடம் போனேன். வயதானால் புரோஸ்டேட் சுரப்பி வீங்குமாம், அது எல்லா ஆம்பளைக்கும் வருவதாம். "ஆனா உங்க ரத்தத்துல பி.எஸ்.ஏ. ஒன்பதைத் தாண்டிடுச்சு. அது அந்தச் சுரப்பி ரத்தத்துல விடற சரக்கு. நாலுக்குள்ள இருந்தா பெரும்பாலும் கவலையில்ல. தாண்டினா என்னன்னு பாத்துடணும்" என்றார். ஊசியை விட்டுச் சதை எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கே விட்டார்கள் என்று கேட்காதே. மூன்று நாளாகத் தையல் மெஷின் முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருகிறேன்.

உனக்கும் இந்தத் தொல்லை உண்டா? போன வருஷம் இங்கே வந்து தங்கியபோது ஒரு சினிமா பார்த்து முடிப்பதற்குள் நீ எத்தனை தரம் எழுந்து போனாய் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ பயந்துகொண்டு கிடக்காதே. சதைப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. உன்னை அவ்வளவு சீக்கிரம் எந்த நோயும் சகித்துக்கொள்ளாது.

எனக்கு அப்படி ஒன்றும் தொல்லை இல்லை. எங்கள் எலக்ட்ரீசியனுக்குத்தான் இருக்கிறது. பாவம், அவருக்கும் என் வயதுதான், ஐம்பத்தெட்டு. உயரத்தில் வேலை. ஏணியில் ஏறி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கலாம். நடுவில் இறங்கினால் கீழே லாரி வரிசை நின்றுவிடும், சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். அதனால் மேலே ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்.

கம்பெனி டாக்டரிடம் அவர் சொல்ல முடியாது. கிறுகிறுப்பு வரும் மாத்திரை எது சாப்பிட்டாலும் உயரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். மாத்திரையை மறைத்தது தெரிந்தால் வேலையே போய்விடும். உனக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று எழுது. அவரிடம் சொல்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல சேதி. லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. எடுத்த சதைத் துண்டு ஒன்றிலும் புற்றுநோய் இல்லை. வெறும் வீக்கம், அதோடு ஏதோ அழற்சியாம். சுரப்பி புண்ணாகிக் கிடப்பதால் ரத்தத்தில் கணக்கு ஏறிவிட்டதாம். விஷயத்தை அன்றைக்குத்தான் உன் அண்ணியிடம் சொன்னேன். "இத்தனை நாள் எங்கிட்ட சொல்லாம இருந்தியா பாவி மனுஷா" என்று திட்டிவிட்டு அழுதாள். பிறகு டீ போட்டுக் கொடுத்தாள்.

உங்கள் எலக்ட்ரீசியன் கதையைப் படித்தேன். எந்த ஊர் எலக்ட்ரீசியன் லாரி வரிசையை நிறுத்தி வைக்கிறான்? நீ கிரேனில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி இன்னும் உன்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு இரண்டு மாத்திரை. ஒன்று சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவது. எழுந்து நின்றால் தலை சுற்றும். இன்னொன்று சுரப்பியையே சுருக்குவது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆறு மாதம் ஆகும், ஆனால் தலை சுற்றாது. நீ ஏணி ஏறுகிறவன். தலை சுற்றுகிறதை உனக்கு அனுப்புவேனா? நான் என்ன முட்டாளா? சுருக்குகிற மாத்திரையை மட்டும் அனுப்புகிறேன். சீட்டை இரண்டு கடையில் காட்டி வாங்கினேன்.

நம் அம்மா ஒருத்தன் இருமினால் இரண்டு பேர் வாயிலும் மருந்தை ஊற்றுவாள். "ஒரே ரத்தம், ஒரே மருந்து" என்பாள். நாமும் செத்துப்போகவில்லையே.

இரண்டு பேன்ட் தைத்து அனுப்பியிருக்கிறேன். இடுப்புப் பட்டிக்குள் கையை விட்டுப் பார், உள்பை வைத்திருக்கிறேன். மாத்திரை அதில் இருக்கிறது. அவசரத்துக்கு உதவுகிற மாதிரி ஜிப்பையும் நீளமாக வைத்திருக்கிறேன். தினம் ஒன்று போடு. விடாதே.

அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

பேன்ட் கச்சிதம். ஜிப் அதைவிடக் கச்சிதம். இங்கே எல்லாரும் "எங்கே தைச்சீங்க?" என்று கேட்கிறார்கள். உள்பையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன். பெரிய வித்தியாசம் இன்னும் இல்லை. கொஞ்சம் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த பார்சலையும் இதே மாதிரி அனுப்பு. இங்கே கடையில் கேட்டால் சீட்டு கேட்கிறான்.

வெயில் கொளுத்துகிறது. கிரேன் கூண்டுக்குள் மின்விசிறி சுற்றுகிறது, அனலைத்தான் அள்ளிக் கொட்டுகிறது. முப்பது வருஷமாகப் பெட்டியைத் தூக்கிப் பெட்டி மேல் வைக்கிறேன். கப்பல் வருகிறது, போகிறது. மறுநாள் அதே மாதிரி இன்னொன்று. அலுத்துவிட்டது அண்ணே. வேறு விசேஷம் இல்லை. அண்ணியையும் உன்னையும் பார்த்துக்கொள்.

தம்பி

செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமா? நீ அனுப்பிய மூன்றாவது பார்சலும் வந்து சேர்ந்தது.

கம்பெனி மெடிக்கல் முடிந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வருஷம் அந்த பி.எஸ்.ஏ. பரிசோதனையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு எவ்வளவு தெரியுமா? மூன்று புள்ளி ஒன்று! உனக்கு ஒன்பது. சின்ன வயதிலிருந்து எல்லா மார்க்கிலும் என்னை முந்தினாயே, இதிலும் முந்திக்கொண்டாய். வைத்துக்கொள்.

டாக்டர் சின்னப் பையன். "நல்லா இருக்கு சார், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போதெல்லாம் பாட்டில் ஒரு வேளைதான் தேவைப்படுகிறது. உன் புண்ணியம்.

தம்பி

அக்டோபர் 9

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. கிரேனில் உட்கார்ந்து படிக்காதே.

நேற்று எனக்கு மறுபரிசோதனை. ஒன்பது இப்போது நாலரையாக இறங்கிவிட்டது. நான் குதிக்காத குறை. டாக்டர் சிரித்தார். "அவசரப்படாதீங்க. அந்தச் சுருக்கற மாத்திரை இருக்கே, ஆறு மாசம் சாப்பிட்டா அது கணக்கைப் பாதியாக் காட்டும். உங்க நாலரையை நான் ஒன்பதுன்னுதான் எடுத்துக்கணும். ஏறாம அங்கேயே நிக்குது, சதையும் சுத்தமா இருந்துச்சு, அதனால உங்களுக்குப் பரவாயில்ல" என்றார்.

"மாத்திரை சாப்பிடறதைச் சொல்லாம ஒருத்தன் ரத்தம் குடுத்தா?" என்று கேட்டேன். "அப்ப டாக்டர் ஏமாந்துடுவார். உள்ள நோய் இருந்தாலும் நல்லா இருக்குன்னு அனுப்பிடுவார். யாரு அது?" என்றார். கடையில் வேலை செய்கிற ஆள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கணக்கு மூன்று புள்ளி ஒன்று இல்லையடா. ஆறுக்கு மேல். தலை சுற்றாத மாத்திரை, ஆபத்தில்லாத மாத்திரை என்று பொறுக்கி எடுத்து அனுப்பினேனே, அதுதான் உன் கண்ணை மறைத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது.

நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என்னுடையதைப் போல வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்தால்தானே தெரியும்? கம்பெனி டாக்டரிடம் வேண்டாம். வெளியே ஒரு டாக்டரிடம் போ. மாத்திரையைக் காட்டு. உடனே பதில் எழுது.

அண்ணன்

நவம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இங்கே நான்கு நாளாக மழை. காற்று அடித்தால் கிரேனை நிறுத்திவிடச் சொல்கிறார்கள், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்கிறார்கள். உன் கடை எப்படிப் போகிறது? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

நீ எழுதியதைப் படித்தேன். நீ எதையுமே பெரிதாக்குகிறவன். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு நான் போய்க் கிளற வேண்டுமா? வெளியே டாக்டரிடம் போனாலும் இந்த ஊரில் எதுவும் மறையாது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். வாசலில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலையில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். மறைத்ததற்காக வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

பிறகு பார்க்கலாம். மழை நிற்கட்டும்.

தம்பி

நவம்பர் 11

தம்பி,

மழைக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம்?

நான் கடையில் உட்கார்ந்து தைக்கிறேன், தைத்ததைப் பிரிக்கிறேன். நேற்று ஒரு பேன்ட்டுக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டேன். நாற்பது வருஷத்தில் இப்படி வெட்டியதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணி என்னவென்று கேட்கிறாள், என்ன சொல்வேன்? என் தம்பிக்கு நானே திரையைத் தைத்துப் போட்டேன் என்றா?

போய்ப் பார். கேட்டைத் திறந்து மூடினால் என்ன, குறைந்தா போய்விடுவாய்? ஆள் இருந்தால்தானே வேலை?

அண்ணன்

டிசம்பர் 2

என் தம்பி மனைவிக்கு,

அத்தான் எழுதுகிறேன். உனக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பயப்படாதே, இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ எப்படியம்மா இருக்கிறாய்?

உன் புருஷன் என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. போனில் கூப்பிட்டால் "கப்பல் வந்திருக்கு" என்று வைத்துவிடுகிறான். அவன் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைக்கிறான். அதில் நானும் கூட்டு. அவன் பேன்ட்டின் இடுப்புப் பட்டிக்குள் ஒரு பை இருக்கிறது. அதில் இருப்பது நான் அனுப்பிய மாத்திரை. சிறுநீர்த் தொல்லைக்கானது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவன் ரத்தப் பரிசோதனையில் வருகிற கணக்கை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் டாக்டரிடம் சொல்லவில்லை. அவனுக்குக் கணக்கு ஆறுக்கு மேல் போகிறது. உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதை நான் உனக்கு எழுதினேன் என்று தெரிந்தால் அவன் என் முகத்திலேயே விழிக்க மாட்டான். விழிக்காவிட்டால் போகட்டும். அவனைக் கூட்டிக்கொண்டு போ தாயே.

உன் அத்தான்

டிசம்பர் 17

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அந்தப் பையை நான் மே மாதமே கண்டுபிடித்துவிட்டேன். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் எந்தப் பையும் இருக்க முடியுமா? மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர், "இது தலைமுடி வளரவும் குடுப்பாங்கம்மா" என்றார். இவர் தலையில் இருப்பதே நாலு முடி. இந்த வயதில் யாருக்காக முடி வளர்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக இவரோடு சரியாகப் பேசவில்லை. எதற்குப் பேசவில்லை என்று அவரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம் அத்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

வேலை முடிந்து வந்தவரிடம் மாத்திரையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்ன?" என்றேன். "அண்ணன் சொல்லிட்டானா?" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அறையில் இவர் மறுபடியும் கப்பல், கிரேன் என்று சுற்றி வளைத்தார். "ஐயா, இவர் பிப்ரவரியிலேருந்து இந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டிருக்கார்" என்று நானே சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதையும் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் எழுதினீர்களே, அது போதும்.

உங்கள் தம்பி மனைவி

ஜனவரி 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது. என் உடம்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள். நாலில் புற்றுநோய் இருக்கிறது. உனக்கு ஒன்பது காட்டியது, ஒன்றுமில்லை. எனக்கு மூன்று காட்டியது, இருக்கிறது. சுரப்பிக்குள்ளேயே நின்றிருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடலாமாம். எலும்புக்குப் போய்விட்டதா என்று பார்க்க வருகிற இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, இன்னொரு ஸ்கேன். அன்றைக்கு மாலையே சொல்லிவிடுவார்கள்.

ஆபீசில் நானே போய்ச் சொன்னேன். கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை வைப்பார்களாம். இப்போது கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் கழிவறை. இந்தச் சுகத்துக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று இருக்கிறது.

இவள் சொன்னாள், நீ சாப்பிடுவதில்லையாம். அண்ணி போனில் அழுதார்களாம். அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாத்திரை அனுப்பியது நீ. ஆனால் அந்தச் சின்ன டாக்டர் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார், "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா சார்?" என்று. "தலைவலி மாத்திரைகூடக் கிடையாது" என்றேன். அந்த இடத்தில் நீ இல்லை. நான்தான் இருந்தேன்.

வேலை போய்விடும் என்று உனக்கு எழுதினேனே, டாக்டரிடம் போகாததற்கு அது காரணமில்லை அண்ணே. இந்த வேலைமேல் எனக்கு என்ன காதல்? உன் அக்டோபர் கடிதத்தை நீ வேண்டாம் என்ற இடத்தில்தான் படித்தேன், மேலே கூண்டில். மூன்றையும் ஒன்றையும் இரட்டித்துப் பார்த்தேன். கீழே லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், கை லீவரைத் தொட மாட்டேன் என்கிறது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கிப் போய்க் கேட்டால் உண்மையாகிவிடுமே என்றுதான் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் அது எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. இவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறாள். உன்னிடம்தான் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கிற அறைக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் அங்கே உட்காரலாம். பேச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், மாத்திரைக் கதையை எடுக்கவே வேண்டாம். நான் வெளியே வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த நாற்காலியில் எனக்கு வேறு யாரும் வேண்டாம். வா அண்ணே.

தம்பி